ஒரு வரித் திருத்தம்

மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்த புதிய மடிக்கணினி சில நாள் ஊமையாகவே இருந்தது. ஒலிபெருக்கியில் பழுதில்லை, அதை இயக்கும் வகை லினக்ஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

மாணவ நண்பர்களே, லினக்ஸ் என்பது 1991இல் ஹெல்ஸிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கெர்னல், அதாவது இயக்கக் கரு. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். அதில் பாதிக்கு மேல் 'டிரைவர்'களே. டிரைவர் என்றதும் நமக்குப் பேருந்து நினைவு வரும். இதுவோ பழைய சென்னைப்பட்டினத்துத் துபாஷியைப் போன்றது. கருவியின் பேச்சைக் கெர்னலுக்கு எடுத்துரைப்பது.

ஒலி டிரைவரில், தனிக் கவனம் வேண்டும் கணினிகளுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. வேறொரு கணினிக்காக முன்னரே எழுதப்பட்ட மருந்தை என் கணினியின் அடையாள எண்ணுக்கும் பொருத்தி, ஒரு வரி சேர்த்தேன். ஒலி பிறந்தது!

பெருமிதத்தோடு அனுப்பினேன், திரும்பி வந்தது. எண் வரிசைப்படி இல்லை, காரணமும் விளங்கவில்லை என்றார்கள். ஒரு வரிக்கு இத்தனை கெடுபிடியா என்று சினந்தேன். குளக்கரையை ஒருமுறை சுற்றி வந்தபின் நியாயம் புலப்பட்டது: வரிசை குலைந்தால் அதே எண்ணை மற்றொருவர் மறுபடியும் சேர்த்துவிடக்கூடும். வரியை இடம் மாற்றுவது நொடி வேலை. விளக்கம் எழுதத்தான் ஓர் இரவு கழிந்தது. அடியில், இதை வழங்க எனக்கு உரிமை உண்டென்று பெயரிட்டு ஒப்பமிட்டேன். 2004 முதல் அங்கே அது விதி.

அடுத்த வெளியீட்டில் என் வரி இடம்பெற்றது. அதே வகைக் கணினியை வாங்குவோர், அது ஒரு காலத்தில் ஊமையாயிருந்ததை அறியமாட்டார்கள்.