பின்னாலை வரும்



வியாச பாரதத்தின் பதினேழாம் பருவத்தில் ஒரு பயணம் வருகிறது. நாட்டைத் துறந்த பாண்டவர்கள் வடதிசை நோக்கி நடக்கிறார்கள். திரௌபதியும் தம்பிமார் நால்வரும் வழியில் ஒவ்வொருவராக விழ, கடைசிவரை தருமனோடு வந்தது ஒரு நாய். இந்திரன் தேருடன் வந்து ஏறச் சொல்கிறான். நாய்க்கு இடமில்லை என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தனக்கு வேண்டாம் என்று தருமன் நின்றுவிடுகிறான். வானில் செல்லும் வாகனத்தில் நாயை ஏற்றலாமா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

2023ஆம் ஆண்டில் அந்த வழக்கு என் வீட்டுக்கே வந்தது. மகளின் குடும்பம் லண்டனில் குடியேற ஆயத்தமானது. “மணி வராட்டில் நானும் வரமாட்டன்” என்றான் பேரன். மணி தெருவில் கிடந்து எடுத்த ஊர்நாய். அதற்கான கடதாசி வேலைகள் யாவும் ஓய்வுபெற்ற என் தலையில் விழுந்தன.

முதலில் தோலுக்கடியில் பதினைந்து இலக்கம் கொண்ட மைக்ரோசிப் வைக்கவேண்டும். அதன் பின்னரே விசர்நாய்த் தடுப்பூசி. ஆண்டு தவறாமல் ஊசி போட்ட நாய்தானே என்றேன். சிப் வைக்குமுன் போட்ட ஊசி கணக்கில் இல்லை என்றார் மிருக வைத்தியர். ஊசி போட்டு முப்பது நாட்களாவது கழிந்தபின் இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். நோயெதிர்ப்பு, மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். ஆக, எல்லாம் சரியாக நடந்தாலும் நான்கு மாதம். ஆனாலும் முன்னையதைவிட இது இலகு. 2011 முடியும்வரை எங்கள் நாட்டிலிருந்து பிரித்தானியாவுக்குப் போகும் நாய், அங்கே ஆறு மாதம் தனிமைக் காவலில் இருக்கவேண்டியிருந்தது.

அந்த நான்கு மாதமும் மணிக்குப் பெட்டியைப் பழக்கினோம். தலை முட்டாமல் எழுந்து நிற்கவும், திரும்பவும், வசதியாகப் படுக்கவும் இடமுள்ள பெட்டி அது. முதலில் உள்ளே சோறு வைத்தோம். பிறகு பேரனின் பழைய சேட்டொன்றை விரித்தோம். ஒரு மாதத்தில் அது தானாகவே போய்ப் படுத்தது. பயணத்தின்போது மயக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்டேன். ஆகாயத்தில் மூச்சும் இரத்த அழுத்தமும் தளர்ந்தால் கவனிக்க ஆளில்லை, கொடுக்கவே கூடாது என்றார் வைத்தியர்.

இந்த நான்கு மாதத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பயணம் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சில மணி நேரத்தில் வலிகாமமே தெருவில் நின்றது. மழை. சைக்கிளில் இரண்டு பை, முன்பாரில் ஐந்து வயது மகள். எங்கள் நாய் வீரன் செம்மணி வெளிவரை கூடவே வந்தது. நாவற்குழிப் பாலத்தை அண்டிய சனநெரிசலில் அதைக் காணவில்லை. “அப்பா, வீரன் வரேல்லை” என்றாள் மகள். “பின்னாலை வரும்” என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

ஹோமரின் ஒடிசியிலும் பதினேழாம் காண்டத்தில்தான் ஒரு நாய் வருகிறது. இருபது ஆண்டுகள் கழித்து மாறுவேடத்தில் வந்த எஜமானை ஆர்கோஸ் என்ற கிழநாய் மட்டும் உடனே இனங்கண்டு, வாலை அசைத்து, உயிர் விடுகிறது. நாங்கள் 1996இல் ஊர் திரும்பினோம். படலை இருந்தது. எங்களை இனங்காண அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

நாயோடு புலம்பெயர முடிவதும் ஒரு பாக்கியமே. நாள் குறித்துப் புறப்படுபவனுக்குத்தான் அது வாய்க்கும். ஓடுகிறவனுக்கு நான்கு மாதத்தை யார் கொடுப்பார்?

சட்டப் புத்தகத்தில் ஒரு விதி எனக்குப் பிடித்திருந்தது. வளர்ப்பு நாயாக அது போவதானால், எஜமானின் பயணத்துக்கு முன்னோ பின்னோ ஐந்து நாட்களுக்குள் அதுவும் பயணம் செய்யவேண்டும். பிரிவுக்கு அவர்கள் வைத்த எல்லை ஐந்தே நாள். பிரித்தானியாவுக்கு நாய் சரக்காகப் பதிவாகியே இறங்கலாம் என்பதால், மகள் குடும்பம் முதலில் போவதென்றும், மூன்றாம் நாள் நான் மணியைக் கட்டுநாயக்கவில் ஒப்படைப்பதென்றும் முடிவாயிற்று.

புறப்படும் நேரத்தில் பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மணி வருமா, அம்மப்பா?” என்று கேட்டான்.

“பின்னாலை வரும்” என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே சொற்கள். இம்முறை என் சட்டைப்பையில் மணியின் சான்றிதழ்கள் இருந்தன.