புதனை மும்முறை சந்தித்த விண்கலம்

விண்வெளி ஆராய்ச்சி என்றதும், தீப்பிழம்பைக் கக்கிக்கொண்டு மேலெழும் ரொக்கெற்றுகளே பலருடைய மனக்கண்ணில் தோன்றுகின்றன. ஆயினும், அவை எங்கே செல்லவேண்டும், எதனைக் காணவேண்டும் என்னும் முடிவுகள், அறிஞர்கள் கூடியிருந்து ஒருவரையொருவர் வினவியும் மறுத்தும் தெளிந்தும் பேசும் பேச்சிலேதான் பிறக்கின்றன. ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பர். புதன் கிரகத்தை மனிதன் அறிந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

புதன் சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள கிரகம். வைகறையிலும் அந்தியிலும் அடிவானத்தை ஒட்டிச் சிறிது நேரமே தோன்றி மறைவதால், தொலைநோக்கி கொண்டும் அதனைச் செவ்வனே ஆராய்தல் அரிதாயிருந்தது. சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 88 நாட்கள் செல்கின்றன. தன்னைத் தானே சுற்றவும் அது அதே 88 நாட்களை எடுக்கின்றது என 1889 ஆம் ஆண்டில் இத்தாலிய வானியலறிஞர் ஸ்கியாப்பரெல்லி கூறினார். அவ்வாறாயின், அதன் ஒரு பக்கத்தில் என்றும் பகல். மறுபக்கத்தில் என்றும் இரவு. முக்கால் நூற்றாண்டுக் காலம் இக்கருத்தே நிலைத்திருந்தது.

1965 இல், புவேர்ட்டோ றிக்கோத் தீவில் அந்நாளில் இயங்கிய அரெசிபோ நிலையத்திலிருந்து பெற்றெங்கில், டைஸ் என்னும் இருவர் றேடார் அலைகளைப் புதன்மீது செலுத்தினர். திரும்பிவந்த அலைகளை ஆராய்ந்தபோது, அது தன்னைச் சுற்ற ஏறக்குறைய 59 நாட்களே எடுப்பது தெரியவந்தது. இவ்வெண்ணின் உட்பொருளைக் கண்டவர் பாதுவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜுசேப்பே கொலம்போ. 59 என்பது 88 இன் மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அண்மையிலன்றோ உள்ளது! புதன் சூரியனை இருமுறை சுற்றுங் காலத்தில், தன்னை மும்முறை சுற்றுகின்றது என்பது அவர் கண்ட விளக்கம்.

அவரே 1970 பெப்ரவரியில், கலிபோர்ணியாவிலுள்ள பசடீனாவில் நடைபெற்ற ஒரு கூட்டத்திற் கலந்துகொண்டார். மரினர் 10 என்னும் விண்கலத்தை அனுப்புவது பற்றி அமெரிக்க அறிஞர்கள் அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தனர். வெள்ளிக் கிரகத்தின் ஈர்ப்பினால் கலத்தின் பாதையை வளைத்துப் புதனிடம் சேர்ப்பது, அதனை ஒருமுறை கடக்கும்போது படம் பிடிப்பது, அத்துடன் பணி முடிவது என்பதே திட்டம். கொலம்போவோ, புதனைக் கடந்தபின் அக்கலம் சூரியனைச் சுற்றும் காலம் ஏறத்தாழ 176 நாட்களாகும் என்பதைச் சுட்டிக்காட்டினார். 176 என்பது 88 இன் இருமடங்கு. எனவே, கலம் பழைய இடத்துக்கு மீளும்போது, புதனும் இரண்டு சுற்றுக்களை முடித்துக்கொண்டு அங்கே வந்து நிற்கும்! பொறியியலாளர் கணக்கிட்டுப் பார்த்தனர். புதனைக் கடக்கும் இடத்தைத் தக்கவாறு தெரிந்தால் மறுசந்திப்பு இயலும் எனக் கண்டனர்.

1973 நவம்பர் 3 ஆம் திகதி புறப்பட்ட மரினர் 10, 1974 மார்ச் 29 ஆம் திகதி புதனை அணுகியது. சந்திரனிற் போன்று குழிகள் நிறைந்த தரையைப் படம் பிடித்ததோடு, எவரும் எதிர்பாராத காந்தப்புலம் ஒன்றையும் உணர்ந்தது. சிறியதும் மெல்லச் சுழல்வதுமான ஒரு கிரகத்துக்குக் காந்தப்புலம் எவ்வாறு அமையும்? அது புதனுக்கே உரியதா, அன்றிச் சூரியனிலிருந்து வீசும் துகள்களால் விளைந்ததா? அறிஞர் நடுவே வாதம் எழுந்தது. ஒரு சந்திப்போடு பணி முடிந்திருப்பின், அவ்வாதம் நெடுங்காலம் தீராதிருந்திருக்கும்.

செப்தெம்பர் 21 ஆம் திகதி நிகழ்ந்த இரண்டாஞ் சந்திப்பில் கலம் வெகு தொலைவிலே கடந்து சென்றது. மூன்றாவதே எஞ்சிய வாய்ப்பு. ஆனால் கலத்தைத் திசை மாறாது நிறுத்தும் வாயு குறைந்துகொண்டே வந்தது. சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தம் படுமாறு தகடுகளைச் சாய்த்து, பாய்விரித்த தோணியைப் போல அதனை நிலைப்படுத்தி, வாயுவைச் சிக்கனப்படுத்தினர். 1975 மார்ச் 16 ஆம் திகதி 327 கிலோமீற்றர் உயரத்திற் கலம் புதனைக் கடந்தது. காந்தப்புலம் புதனுக்கே உரியது என்பது உறுதியாயிற்று. எட்டு நாட்களின் பின் வாயு தீர்ந்தது, பணியும் முடிந்தது.

கைகொடுத்த எண்ணே ஒரு தடையும் விதித்தது. புதனில் ஒரு சூரிய உதயத்திலிருந்து மறு சூரிய உதயம் வரையுள்ள காலமும் அதே 176 நாட்களே. ஆகவே கலம் சென்றபோதெல்லாம் ஒரே பக்கம் ஒளி பெற்றிருந்தது. பாதிக்குக் குறைந்த நிலப்பரப்பே படத்தில் விழுந்தது. எஞ்சிய பகுதியைக் காண, 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசெஞ்சர் விண்கலம் போன்ற பிற்கால முயற்சி வேண்டியிருந்தது.

கொலம்போ 1984 இற் காலமானார். ஐரோப்பாவும் யப்பானும் இணைந்து 2018 ஒக்டோபர் 20 ஆம் திகதி புதனை நோக்கி அனுப்பிய கலம், நண்பர்கள் அவரை அழைத்த செல்லப்பெயரையும் சேர்த்து, பெப்பிகொலம்போ எனப் பெயர் பெற்றது. அவர் அன்று அக்கூட்டத்துக்குப் புதிய கருவி எதனையும் கொண்டுசெல்லவில்லை. பிறர் கணக்கைக் கூர்ந்து கேட்டு, தோன்றியதைத் தயங்காது சொன்னார். கேட்டவர்களும் அதனைத் தள்ளிவிடாது ஆராய்ந்தனர். ஒரு பயணம் மூன்று பயணங்களின் பயனைத் தந்தது அதனாலேயே.