இரவற் கண்ணால் வழி காண இயலுமா?

(ஊர்காவற்றுறையில் தீவக விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



விமானத்திலிருந்து ஏவப்பட்டு விமானத்தை வீழ்த்தும் ஏவுகணையைப் பற்றி ஊர்காவற்றுறையில் எதற்காகப் பேச வேண்டும் என்று உங்களிற் சிலர் எண்ணலாம். நமக்கு வேண்டியவை நன்னீரும், நல்ல வீதியும், நேரத்துக்குப் புறப்படும் படகுமல்லவா? உண்மைதான். ஆயினும் நாம் வானத்தைப் பார்த்து அஞ்சி வாழ்ந்த மக்கள். விமான இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பதுங்கு குழிக்குள் இறங்கியவர்கள். 1995 யூலை 9ஆம் நாள் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்தோமில்லை. வானத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை, அதன் கீழே வாழ்பவனுக்கே முதலில் உண்டு.

றேடார் என்பது யாது? வானொலி அலையை வீசி, அது ஒரு பொருளிற் பட்டுத் திரும்பும்போது அப்பொருள் இருக்கும் திசையையும் தூரத்தையும் அறியும் கருவி. அலை செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்லும். அது போய் மீளும் நேரத்தைக் கணக்கிட்டால் தூரம் தெரிந்துவிடும்.

இக்கருவி ஏவுகணைக்கு எவ்வாறு வழிகாட்டுகிறது? இரவிற் பரவைக்கடலில் மீன் குத்துவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருவர் பந்தம் பிடிப்பார். மற்றவர் மண்டாவை ஓங்குவார். பந்தம் பிடித்தவர் முகத்தைத் திருப்பினால் குத்துபவரின் குறி தவறும். முற்காலத்து ஏவுகணைகளின் நிலையும் இதுவே. 1950களின் இறுதியில் அமெரிக்கப் படைகளிற் சேர்க்கப்பட்ட மூன்றாம் வகை ‘ஸ்பரோ’ ஏவுகணை, தாய் விமானத்தின் றேடார் இலக்கின்மீது அலை வீசிக்கொண்டே இருந்தாலன்றி வழி அறியாது. ஆகவே ஏவிய விமானி, இலக்கு வீழும்வரை பகைவனை நோக்கியே பறக்க வேண்டியிருந்தது. வியற்நாம் போரில் ஏவப்பட்டவற்றுள் பத்தில் ஒன்றளவே இலக்கை வீழ்த்தின.

பந்தத்தை மண்டாவின் நுனியிலேயே கட்டிவிட்டால் என்ன? இந்த எண்ணத்தின் விளைவே 1991இல் அமெரிக்கா சேவையிற் சேர்த்த ‘அம்ராம்’. ஏவுகணை முதலில் தன்னுள் உள்ள திசைக்கருவிகளால் வழி அறிந்து செல்லும். தாய் விமானம் இடையிடையே இலக்கின் புதிய நிலையை அறிவிக்கும். நெருங்கியதும் ஏவுகணையின் மூக்கிலுள்ள சிறு றேடார் கண் விழித்து, தானே இலக்கைத் தேடிப் பற்றும். விமானி திரும்பிவிடலாம்.

சொல்வது எளிது; செய்வது அரிது. ஒரு சாணுக்கும் குறைந்த அகலமுள்ள குழாய்க்குள் அலை வீசும் கருவியும், அலை வாங்கும் கருவியும், கணக்கிடும் கருவியும் அடங்க வேண்டும். கடலிலும் தரையிலும் பட்டு வரும் ஆயிரம் வீண் எதிரொலிகளுக்கிடையே ஓடும் விமானத்தின் எதிரொலியைப் பிரித்தறிய வேண்டும். நெருங்கி வரும் பேருந்தின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது மந்தமாகவும் கேட்பதை நாம் அறிவோம். அந்த வேறுபாட்டைக் கொண்டே ஓடுவது எது, நிற்பது எது என்று இக்கண் காண்கிறது.

பாரத நாடு இத்துறையிற் பட்ட பாட்டைக் கேளுங்கள். ருஷ்யாவிடமும் பிரான்சிடமும் இத்தகைய ஏவுகணைகளை விலைகொடுத்து வாங்கிய அந்நாடு, ‘அஸ்திரா’ என்னும் பெயரில் தானே ஒன்றை ஆக்க முனைந்தது. 2003 மே மாதத்தில் ஒடிசாக் கரையிலுள்ள சண்டிப்பூரில் முதற் சோதனை நடந்தது. 2004இல் 955 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. சுகோய் விமானத்திலிருந்து முதன்முதல் ஏவப்பட்டதோ 2014 மே மாதத்தில்! 2017 செப்ரெம்பரில் வங்கக் கடலின் மேல் ஏழு சோதனைகள் நடத்தப்பட்டன. 2022இல் 2,971 கோடி ரூபாவுக்கு உற்பத்தி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

உடல் சொந்தம், உந்து விசை சொந்தம். ஆனால் கண் தொடக்கத்தில் ருஷ்யத் தொழில்நுட்பத்தையே சார்ந்திருந்தது. உள்நாட்டிலேயே ஆக்கிய கண்ணுடன் சுகோயிலிருந்து அஸ்திரா ஏவப்பட்ட செய்தி 2025 யூலை 11ஆம் நாள் வெளிவந்தது. முதற் சோதனைக்கும் இதற்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள்! நூற்று நாற்பது கோடி மக்களைக் கொண்ட நாட்டுக்கே இரவற் கண்ணை விடுத்துச் சொந்தக் கண் பெற நெடுங்காலம் சென்றது.

இதனால் நாம் போர்க்கருவியைப் புகழ்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். அந்தக் கண் உலோகத்தைக் காணும்; மனிதனைக் காணாது. 2025 மே மாத இந்திய–பாகிஸ்தான் மோதலின்போது சீனத் தயாரிப்பான பி.எல்.15 ஏவுகணையின் சிதைவுகள் பஞ்சாப்பின் ஹோஷியார்பூர்ப் பகுதி வயல்களிற் கிடந்தன. வானில் வல்லவர்கள் மோத, சிதறியது உழவனின் நிலத்திலே!

நாம் புகழ்வது அறிவை. பாரதத்தின் ஏவுகணைத் திட்டத்தை 1983 முதல் ஐதராபாத்தில் தலைமை தாங்கி நடத்திய அப்துல் கலாம் யார்? நெடுந்தீவுக்கு எதிர்க்கரையான இராமேஸ்வரத்தில், படகுக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த தமிழர். தீவிற் பிறந்தவனுக்கு அறிவு எட்டாது என்று இனி எவர் சொல்வார்?

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் ஆக்கும் திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. பின்னர் அத்திட்டம் இந்திய நன்கொடைக்கு மாறி, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமாயிற்று. வானத்தில் எதிர் நிற்கும் இரு வல்லரசுகள் நம் தீவுகளின் காற்றுக்கும் போட்டியிட்டன. நம்மை யார் கேட்டார்கள்?

விளக்கு எரிவதை நாம் வரவேற்கிறோம். கொடுப்பவருக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் இயந்திரம் பழுதானால் திருத்துவது யார்? கொழும்பிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் வரும்வரை நெடுந்தீவு இருளிற் கிடப்பதா? அப்படியாயின் அதுவும் இரவற் கண்ணே.

ஆகவே நாம் கேட்பவை இரண்டு. இத்தகைய திட்டம் எதுவாயினும், அதை இயக்கவும் திருத்தவும் தீவக இளைஞரைப் பயிற்றுவதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இது முதலாவது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அங்கு செல்லத் தக்க கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் நம் தீவுப் பாடசாலைகளுக்கு வேண்டும். இது இரண்டாவது.

1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. நமது வடபகுதியையும் தாக்கியது. மழைத்துளியிற் பட்டு மீளும் அலையைக் கொண்டு புயலின் வரவை முன்னறிந்து சொல்வதும் இதே றேடார்தான். ஏவுகணையின் மூக்கில் இருந்தால் அது கொல்லும். கரையில் நின்றால் மீனவனைக் காக்கும். எங்கே வைப்பது என்று முடிவு செய்பவன் அறிந்தவனே. அறியாதவன் அண்ணாந்து பார்த்து அஞ்சுவான். நாம் அஞ்சியது போதும். நம் பிள்ளைகள் அறிந்தவர்களாகட்டும்!