படுத்திருக்கும் உடம்புக்கும் செலவு உண்டு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நாமதான். அப்போ வீட்டில் இரண்டு பேச்சு வரும். "படுத்தேதானே கிடக்காரு, எதுக்கு இவ்வளவு சாப்பாடு?" என்பார் ஒருவர். "உடம்பு தேறணும், நல்லா போடு" என்பார் இன்னொருவர். அளவு தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனாலும் பிரிட்ஜ் ஓடும், கரண்ட் பில் வரும். உடம்பும் அப்படித்தான். அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், நுரையீரல், கல்லீரல், மூளை எல்லாம் வேலை செய்கின்றன. அதற்கு ஆகும் சக்திதான் ஓய்வு நேரச் சக்தித் தேவை. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கு மட்டுமே போகிறது.

மூச்சுக் காற்றை வைத்து இதை அளக்கும் கருவி உண்டு. எல்லா இடத்திலும் அது கிடைக்காது. அதனால் டாக்டர்களும் உணவியல் நிபுணர்களும் கணக்குப் போடுகிறார்கள். நம்ம குழுக் கணக்கைவிட இது சுலபம். கிலோ எடையை 10 ஆல் பெருக்குங்க. சென்டிமீட்டர் உயரத்தை 6.25 ஆல் பெருக்கிக் கூட்டுங்க. வயசை 5 ஆல் பெருக்கிக் கழிங்க. பெண் என்றால் இன்னும் 161 கழிக்கணும், ஆண் என்றால் 5 கூட்டணும். 60 வயசு, 50 கிலோ, 152 சென்டிமீட்டர் உயரமுள்ள அம்மாவுக்கு 989 கலோரி வரும். இது வெறும் ஓய்வுக்கு. சாப்பாடு செரிக்க, புரண்டு படுக்க, உட்காரச் சேர்த்தால் ஒரு நாளைக்கு சுமார் 1,200 முதல் 1,300 வரை ஆகும்.

ஆனால் இது தோராயம்தான். வெளிநாட்டில் போட்ட கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது என்பதை நம்ம சென்னையிலேயே பார்த்திருக்கிறார்கள். மகளிர் கிறிஸ்துவக் கல்லூரியில் எலினார் மேசன், அமெரிக்க விஞ்ஞானி பெனடிக்ட்டோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களை அளந்தார். 1931-ல் வந்த அந்த ஆய்வில், அமெரிக்கக் கணக்கைவிட நம் பெண்களின் தேவை குறைவாக இருந்தது. பக்கவாதத்திலும் ஆளுக்கு ஆள் மாறும். காய்ச்சல், தொற்று, படுக்கைப் புண் இருந்தால் தேவை ஏறும். தசை கரைந்தால் குறையும்.

அதனால் கணக்கை வைத்துத் தொடங்கி, எடையைப் பார்த்துத் திருத்தணும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுங்க. நிற்க முடியாதவருக்கு, பாதிக்கப்படாத பக்கத்துக் கெண்டைக்காலை டேப்பால் அளங்க. அளவு குறைந்துகொண்டே போனால் சாப்பாடு போதவில்லை என்று சந்தேகப்படணும். பிசியோதெரபி கொடுத்தாலும் கை கால் தேற பலம் இருக்காது, புண் ஆறாது. எடை ஏறிக்கொண்டே போனால் சர்க்கரையும் பிரஷரும் ஏறும், தூக்கி உட்கார வைக்கிற நம்ம இடுப்பும் போகும்.

நீர்க்கக் கரைத்த கஞ்சி நாலு டம்ளர் குடித்தால் வயிறு நிறையும், சக்தி சேராது. கெட்டியான பருப்பு சாதம், முட்டை, தயிர், கொஞ்சம் நெய், எண்ணெய் என்று சின்னச் சின்ன அளவில் அடிக்கடி கொடுக்கலாம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்றணும்.

இதெல்லாம் விழுங்க முடிகிறவருக்கு. குடிக்கும்போது இருமல், புரையேறுதல், சாப்பிட்டதும் குரல் கரகரப்பு இருந்தால் வாய்வழி கொடுப்பதை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்க. படுக்க வைத்து ஊட்டவே கூடாது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் நம்ம குழுப் பெண்கள்தான். வீட்டுக்கே பிசியோதெரபியும் வருகிறது. அவர்கள் வரும்போது அந்த எடை நோட்டைக் காட்டிக் கேளுங்க. சேமிப்பும் கடனும் எழுதிப் பழகிய கை நம்முடையது. இந்தக் கணக்கையும் நாம் விடாமல் எழுதுவோம்.