பாட்டுக்கு உடையவர் யார்?



ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பொங்கல் விழாவில் நாடகம் பார்த்தோம். பெங்களூருக்கு ரயிலில் சென்று உழைத்து, இரவில் திரும்பி ஒத்திகை பார்த்த இளைஞர்கள் நன்றாகவே நடித்தார்கள். சீட்டு விற்றே நடத்தினார்கள். ஆனால் நாடகாசிரியர் பெயர் எங்குமில்லை. வினவியபோது நண்பர் ஒருவர், "பாரதி பாட்டையே எவரையும் கேளாமல் பாடுகிறோமே; எழுத்தெல்லாம் பொதுச்சொத்துத்தானே, ஐயா?" என்றார்.

பாரதி பாட்டு எவ்வாறு பொதுச்சொத்தாயிற்று? கவிஞர் 1921-இல் மறைந்தார். பிறகு அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை கைமாறி, ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. 1947-இல் அவருடைய 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. மறு ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்திலும் பாரதி பாட்டு இடம்பெறவே, உரிமைப் பூசல் மூண்டது. விலை கொடுத்து வாங்கியவரைப் பழிப்பது முறையன்று என்பது நம் கருத்து. எனினும் நாட்டுக்குப் பாடியவன் பாட்டு ஒருவர் பெட்டியில் அடைபடலாகாது என்ற மக்கள் குரலும் நியாயமானதே. 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றது. மெய்யப்பர் தம் பங்கை விலையின்றி விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் பெண்மக்கள் இருவருக்கும் அரசாங்கம் பணம் அளித்தது. 1955-இல் அவ்வுரிமை மக்களுக்கே வழங்கப்பெற்றது. உடையவர் இன்னார் என்று ஒப்பி, உரியதைக் கொடுத்த பின்னரே அது பொதுவாயிற்று.

மற்ற நூல்கள் எல்லாவற்றுக்கும் அந்நிலை இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளிலும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். மொழிபெயர்க்கும் உரிமையும் அதில் அடக்கம். (அலுவலகத்தில் நாம் மொழிபெயர்ப்பவை அரசாங்கத்துக்கே சொந்தம், அதற்குச் சம்பளம் பெறுகிறோம்.) சட்டம் இரக்கமற்றதன்று: தொழில்முறை சாராத மன்றத்தார் கட்டணமின்றி நாடகம் நடத்தினால் தடுப்பதில்லை. சீட்டு விற்றாலோ, உரியவரின் அனுமதி வேண்டும்.

இதனை நண்பரிடம் விளக்கினோம். அவர் தந்தையார் சுரங்கத் தொழிலாளி. 2001-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில், மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கித் தங்கம் எடுத்தவர்கள் உண்டு. எடுத்த கைக்கு ஒரு குன்றிமணியும் சொந்தமில்லை. நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நாடகாசிரியரின் மகன் மதுரையில் இருப்பதாகவும், ஒரு கடிதம் எழுதித் தரவேண்டுமென்றும் கேட்டார். எழுதிக் கொடுத்தோம். விடை இன்னும் வரவில்லை. ஒத்திகையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.