கோவாவில் அச்சேறிய ஒரு மருத்துவ நூல்



ஒரு நூலின் பெருமையை அதன் அச்சழகு கொண்டு அளத்தல் முறையன்று. 1563ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆந் திகதி கோவா நகரில் அச்சேறி முடிந்த போர்த்துக்கேய மருத்துவ நூலொன்று இதற்குத் தக்க சான்றாகும். அச்சுப் பிழைகள் மலிந்த நூல் அது. அதன் பிழைதிருத்தமே பல பக்கங்களுக்கு நீளும். முதற் பதிப்பின் பிரதிகளுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. எனினும், மறுமலர்ச்சிக் கால மருத்துவத்தின் அரும்பெரும் நூல்களுள் அதற்கு நிலையான ஓர் இடமுண்டு.

நூலாசிரியர் கார்சியா த ஒர்த்தா என்பவர். ஸ்பானியாவினின்றும் துரத்தப்பட்டுப் போர்த்துக்கலிற் குடியேறி, அங்கே கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். சலமன்கா, அல்கலா ஆகிய பல்கலைக்கழகங்களிற் பயின்று, 1534இல் இந்தியா வந்து, இறுதிவரை கோவாவில் வைத்தியராய் வாழ்ந்தார். அகமதுநகர் மன்னர் புர்கான் நிசாம் ஷாவுக்கும் அவர் வைத்தியம் செய்ததுண்டு.

அக்காலத்து ஐரோப்பிய மருத்துவருக்குக் கேலன், டயஸ்கொரிடிஸ் முதலிய முன்னோர் எழுதியவையே வேதவாக்கு. ஆசியாவின் மருந்துகளைப் பற்றி எழுதியோர் பலர், அவை விளையும் நிலத்தைக் கண்ணாலும் கண்டவரல்லர். கறுவாப் பட்டையைப் பெரும் பறவைகள் தம் கூடுகட்டக் கொண்டுவருகின்றன என்று எரொதோத்தசு எழுதிவைத்த கதையை நேயர்கள் அறிந்திருக்கலாம்.

ஒர்த்தாவின் நூலோ உரையாடல் வடிவில் அமைந்தது. ஐரோப்பாவிலிருந்து புதிதாய் வந்த ருவானோ என்னும் கற்பனை மருத்துவர் ஏட்டுக் கல்வியின் பிரதிநிதியாக நின்று வினவுகிறார். ஒர்த்தா தாம் கண்டதைக் கூறி விடையிறுக்கிறார். இடையிடையே அந்தோனியா என்னும் பணிப்பெண் மூலிகைகளைக் கொண்டுவந்து காட்டுகிறாள். கறுவாவைப் பற்றிப் பேசும்போது, பழைய நூல்களின் குழப்பங்களை விலக்கி, இலங்கையிற் கிடைப்பதே மிகச் சிறந்தது என்று ஒர்த்தா நிறுவுகிறார். ஸ்பானியாவில் இருந்திருப்பின் கேலனுக்கு மாறாக வாய்திறக்கத் தமக்குத் துணிவிராது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

வாந்திபேதி நோயைப் பற்றிய பகுதி தனிச்சிறப்புடையது. குழிவிழுந்த கண்கள், தளர்ந்த நாடி, குளிர்ந்த உடல், அடங்காத் தாகம், தசைப்பிடிப்பு என நோயின் குறிகளை நோயாளியின் பக்கத்திலிருந்து கண்டவாறே விவரிக்கிறார். உள்ளூரார் அதனை மோர்சி என்று வழங்குவதையும், அவர்கள் செய்யும் சிகிச்சையையும் குறித்துவைக்கிறார். பிறர் அறிவைப் பெற்றுக்கொள்ள அவர் நாணியதில்லை. அவரும் தவறாதவரல்லர், விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் பெசோவார் கல் நஞ்சு முறிக்கும் என்று நம்பியவரே. ஆயின், காண்பதற்கே முதலிடம் என்ற அவரது நெறி பின்வந்தோர்க்கு வழிகாட்டிற்று.

நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகளில், 1567இல், குளூசியசு என்னும் தாவரவியலறிஞர் அதனைச் சுருக்கி இலத்தீனில் அந்துவேர்ப்பு நகரில் வெளியிட்டார். ஐரோப்பா ஒர்த்தாவை அறிந்தது அச்சுருக்கத்தின் வாயிலாகவே. ஆனால் அதில் ருவானோ இல்லை, அந்தோனியாவும் இல்லை. முடிபுகள் மட்டும் கடல் கடந்தன. ஐயுற்று, வினவி, கண்டு தெளிந்து அம்முடிபுகளை அடைந்த வழியோ கோவாப் பதிப்பிலேயே தங்கிவிட்டது. அம்மூலநூல் மீண்டும் அச்சேற மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாயின. அந்தச் சிலபிரதிகளை அறிஞர் போற்றுவதற்குக் காரணம் இதுவே.

ஒர்த்தா 1568இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் தங்கை கத்தரீனா, யூத சமயத்தை மறைவில் அனுட்டித்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில், கோவாவின் சமய விசாரணை மன்றத்தின் தீர்ப்பால் எரிக்கப்பட்டார். 1580இல் ஒர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்துத் தீயிலிட்டனர். வாழ்நாள் முழுவதும் தம் உள்ளத்து நம்பிக்கையை வெளியிட இயலாதிருந்த ஒருவர், மருந்தைப் பற்றியேனும் உண்மையை அஞ்சாது எழுதிவைத்தார். அவருடைய எலும்பைத் தீ அழித்தது. பிழை மலிந்த அந்த ஏடுகளை அதனால் அழிக்க இயலவில்லை.