மன்ரேசாவில் நின்ற பயணம்



இன்று ஜூலை 31, புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருநாள். பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் முறிந்து விழுந்தது 1521 மே 20 அன்று. அந்த நிகழ்வின் 500ஆம் ஆண்டை முன்னிட்டு இயேசு சபையார் 2021-22இல் இஞ்ஞாசியார் ஆண்டைக் கொண்டாடினர். ஒரு வீரர் காயம்பட்ட நாளுக்கு விழா எடுக்கும் வழக்கம் எந்தப் படைக்கும் இருக்காது. திருச்சபைக்கு இருக்கிறது.

இந்தத் திருநாளில், ராணுவத்தில் அதிகாரியாகப் பயிற்சி பெறும் பிள்ளைகளையும், அந்தப் பயிற்சிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க விரும்புகிறோம். கொரோனாவால் எத்தனையோ பேருக்குப் படிப்பு தடைபட்டது. ஆனால் இவர்களுடைய படிப்பு கைப்பேசித் திரையில் நடத்தி முடிக்கக் கூடியதல்ல. அணிவகுப்பும், தடை தாண்டி ஓடுவதும், ஒரே கூடாரத்தில் பத்துப் பேர் படுத்து எழுவதும் இணையவழியில் நடக்காது. தோளோடு தோள் நின்று கற்க வேண்டிய ஒன்றை, ஆறடி தள்ளி நின்று கற்கச் சொன்னது இந்த நோய்.

வாசலிலேயே காத்து நின்றவர்களும் உண்டு. 2020 ஏப்ரல் 19 அன்று நடக்க வேண்டிய என்.டி.ஏ. தேர்வு தள்ளிப்போய், அவ்வாண்டின் இரண்டாம் தேர்வோடு சேர்த்து செப்டம்பர் 6 அன்று ஒரே தேர்வாக நடந்தது. இரண்டு வாய்ப்பு ஒன்றாகச் சுருங்கியது. "சாமி, வயசு ஓடுதே, அடுத்த வருஷம் எழுத முடியுமோ முடியாதோ" என்று கேட்கும் பெற்றோரின் கவலை வெறும் புலம்பல் அல்ல.

2020 ஜூன் 13 அன்று, உலகின் இரு மூலைகளில் இரண்டு விழாக்கள் நடந்தன. டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் 423 பேர் முகக்கவசத்தோடு அணிவகுத்தனர். அவர்களில் 90 பேர் நட்பு நாடுகளைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியில், வீட்டுக்குப் போன மாணவர்கள் திரும்ப அழைக்கப்பட்டு, பதினான்கு நாள் தனிமைக்குப் பின் மைதானத்தில் தள்ளித் தள்ளி அமர்ந்து பட்டம் பெற்றனர். இரண்டு இடத்திலும் பெற்றோருக்கு அனுமதியில்லை. மகனுடைய தோளில் நட்சத்திரம் குத்துவது நம் நாட்டில் தாய் தந்தையரின் உரிமை. அந்த ஆண்டு டேராடூனில் அதைப் பயிற்றுநர்களும் அதிகாரிகளும் செய்தனர். பெற்றோர் வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்து பார்த்தனர்.

நம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் அப்படியே. 2021 மே 29 அன்று, முழு ஊரடங்கின் நடுவே, அங்கே பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடந்தது. அன்று அதிகாரியானவர்களில் ஒருவர் நிதிகா கவுல். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் உயிர்நீத்த மேஜர் விபூதி சங்கர் தவுண்டியாலின் மனைவி. மணமாகி ஓராண்டு நிறையும் முன்பே கணவரை இழந்தவர். அவருடைய தோளில் நட்சத்திரம் பொருத்தியவர் வடக்குப் பிராந்தியத் தளபதி. அந்தக் காணொளியை நம்மில் பலர் பார்த்தோம்.

அந்த அகாடமியின் அருகே உயர்ந்து நிற்பது புனித தோமையாரின் மலை. அதன் உச்சியில் 1523இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் எதிர்பார்ப்பின் அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. நிறைமாதக் கர்ப்பிணியாகக் காத்திருந்த மரியா அவர். தேதி தெரியாமல் காத்திருக்கும் பிள்ளைகள் பயிலும் இடத்துக்கு இப்படியொரு அன்னை பக்கத்தில் இருப்பது நமக்கு ஆறுதலாகவே படுகிறது.

அன்பர்களே, இத்தகைய பிள்ளைகளிடம் நாம் சொல்லும் ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். "ஊரில் எத்தனை பேர் ஆக்சிஜன் இல்லாமல் செத்தார்கள், உனக்கு அணிவகுப்புத்தான் பெரிதா?" என்கிறோம். கேட்க நியாயம் போல் இருக்கிறது. ஆனால் அடுத்தவருடைய பெரிய துயரத்தைக் காட்டி ஒருவருடைய சிறிய துயரத்தை வாயடைப்பது ஆறுதல் ஆகாது. பிள்ளை பேச்சை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். கானாவூரில் திராட்சை இரசம் தீர்ந்தது உயிர்போகும் காரியமல்ல. ஆனாலும் ஆண்டவருடைய தாய் அதைக் குறையாகவே எடுத்துக்கொண்டு மகனிடம் போய்ச் சொன்னார்.

இது எவ்வளவு கனமான காரியம் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். 2020 மார்ச்சில் அமெரிக்க விமானப்படை அகாடமி, மற்ற வகுப்பினரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இறுதியாண்டு மாணவர்களை மட்டும் தனித்தனி அறையில் தங்கவைத்தது. அந்த மாத இறுதியில், சில நாள் இடைவெளியில், இருவர் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டனர். அதன் பிறகே கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அவர்கள் மனத்தில் என்ன ஓடியது என்பது கடவுளுக்கே தெரியும். நாம் தீர்ப்பிட வேண்டாம். உடலுறுதி உள்ளவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதால் மனமும் இரும்பாக இருக்கும் என்று எண்ணுவது தவறு என்பதை மட்டும் மனத்தில் கொள்வோம்.

இங்கேதான் இஞ்ஞாசியார் நமக்கு உதவுகிறார். கால் தேறியபின் அவர் 1522 மார்ச்சில் மொன்செராத் மலையில் அன்னையின் பீடத்தில் தம் வாளைக் காணிக்கையாக்கினார். பார்சலோனா போய்க் கப்பலேறி எருசலேம் சேர்வது அவர் திட்டம். வழியில் மன்ரேசா என்னும் சிற்றூரில் சில நாள் தங்க எண்ணினார். பார்சலோனாவில் அப்போது கொள்ளைநோய் இருந்ததும் இதற்குக் காரணம் என்பார்கள் சிலர். சில நாள் என்றது ஏறத்தாழ பதினோரு மாதம் ஆயிற்று. வாள் போயிற்று, கப்பலும் இல்லை. பாவ உறுத்தல் அவரை அரித்தது. தங்கியிருந்த அறையில் இருந்த குழியில் குதித்து உயிரை விட்டுவிடும் எண்ணம்கூட வந்தது. இதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லி எழுதவைத்திருக்கிறார். ஒரு வாரம் முழுப் பட்டினி கிடந்தார். ஒப்புரவுக் குரு, போதும், சாப்பிடு என்றார். சாப்பிட்டார். பெரிய வெளிப்பாடு எல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் ஒருவர் சொல்ல, அவர் கேட்டார்.

ஆன்மப் பயிற்சிகள் என்ற நூல் கருக்கொண்டது அந்த நின்றுபோன பயணத்தில்தான். அதில் அவர் தரும் ஒரு விதி, பயிற்சி தடைபட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் பொருந்தும். மனம் இருண்டிருக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது. வெளிச்சம் திரும்பட்டும், அப்போது மாற்றுவதென்றால் மாற்றலாம். "போதும், இது எனக்கு வேண்டாம்" என்று இரவு பதினொரு மணிக்கு எழுதும் விலகல் கடிதத்துக்கு அவர் ஒப்பமாட்டார். இன்னொரு விதியும் உண்டு. அலகை விரும்புவது இரகசியத்தை. ஆகவே உள்ளதை நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். குருவிடம் சொல்லலாம், தோழனிடம் சொல்லலாம், மருத்துவரிடமும் சொல்லலாம். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று இன்னும் சில வீடுகளில் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

பெற்றோர்களே, அகாடமியில் இருக்கும் பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது, எப்போது பதவியேற்பு, யார் யார் வரலாம் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, பேச யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். இன்னும் ஆணை வராமல் வீட்டில் இருக்கும் பிள்ளையைத் திருமண வீட்டில் நிறுத்திவைத்து, "என்னப்பா, மிலிட்டரி என்னாச்சு?" என்று உறவினர் கேட்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஓடுகிறானா, ஓடட்டும். அவன் எழுந்து ஓடுவதே பயிற்சிதான்.

இன்று மாலை வீட்டில் செபமாலை சொல்லும்போது மூன்றாம் பத்துமணியை, காத்திருக்கும் இந்தப் பிள்ளைகளுக்காகவும், பிள்ளையின் தோளைத் திரையில் மட்டுமே பார்த்த தாய் தந்தையருக்காகவும் ஒப்புக்கொடுப்போம். எதிர்பார்ப்பின் அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.